இரண்டாவது ஆக்னஸ்

ஹைட்ருன் லோரென்ட்சன் தேனுஜாவின் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது குடையை மடக்கக்கூட மறந்துபோயிருந்தார். நீர் தரைவிரிப்பில் சொட்டியது. ஐம்பத்தேழு வயதிருக்கும். உயரமான, கட்டான உடம்பு. அல்டோனாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் அன்றைக்கு, தான் போட்ட கணக்குப் பிழைத்துவிட்ட பிள்ளையின் முகம் அவருக்கு.

"யாரையும் கண்டுபிடித்துத் தரச்சொல்லி நான் வரவில்லை," என்றார். "என் அம்மா பொய் சொன்னாரா, இல்லையா? அதை மட்டும் சொன்னால் போதும்."

ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்புறம், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். போரிலும் இடப்பெயர்விலும் தொலைந்துபோன உறவுகளைத் தேடிக்கொடுப்பது அவர்கள் தொழில். தேனுஜா அங்கே சேர்ந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஹம்பேர்க் வந்தவள். இங்கேயே படித்து, பல்கலைக்கழகத்தில் வரலாறு முடித்தவள். ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் பிரித்தானியா சம்பந்தப்பட்டவை எல்லாம் அவளுடைய மேசைக்குத்தான் வரும். 2006இன் அந்த வசந்த காலத்தில் அவளுக்கு முப்பது வயது. தன் வேலையில் தான் கெட்டிக்காரி என்பது அவளுக்குத் தெரியும். அதைத் தெரியாததுபோல நடிக்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

"முதலிலிருந்து சொல்லுங்கள்," என்றாள்.

ஹைட்ருன் சொன்னார். அவருடைய அம்மா ஜெஸ்ஸி, ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊரைச் சேர்ந்தவர். போர் முடிந்த பிறகு அங்கே பண்ணை வேலைக்கு விடப்பட்டிருந்த ஜெர்மன் போர்க்கைதிகளில் ஹெர்மன் என்பவரைக் காதலித்தார். 1948இல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஹம்பேர்க் வந்து சேர்ந்தார். ஜெஸ்ஸியின் அண்ணன் வில்லியம் போரில் ஜெர்மன் நீர்மூழ்கியால் கடலோடு போனவன். ஆகவே தகப்பன், ஜெர்மன்காரனோடு போன மகளின் பெயரைக்கூட வீட்டில் சொல்லக்கூடாது என்றுவிட்டார். வழியனுப்ப வந்தது ஒரே ஒரு ஆள்தான். தங்கச்சி நான்சி. பதினாறு வயதுப் பெண். ரயில் கிளம்பியதும் அதோடு கூடவே ஓடி, மேடை முடிகிற இடத்தில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

"எத்தனை தடவை கேட்டிருப்பேன் இந்தக் கதையை! நான்சிக்குச் செம்பட்டைத் தலை. நான்சிக்கு மீன் நாற்றம் பிடிக்காது. நான்சி விசிலடிப்பாள். போன குளிர்காலத்தில் அம்மா போய்விட்டார். நான்சி உயிரோடு இருந்தால் அறிவிக்க வேண்டும் என்று நினைத்தேன். அங்கேயே உள்ள ஓர் ஆராய்ச்சியாளரைப் பிடித்துக் கேட்டேன். இதுதான் அவர் அனுப்பிய பதில்."

பதில் சுருக்கமாக இருந்தது. பட்ரிக் ரீட், எலிசபெத் கவுல் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள். வில்லியம், ஜனெட், ஆக்னஸ். ஜனெட் என்ற பெயரைத்தான் அங்கே ஜெஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். ஆக்னஸைத்தான் நான்சி என்பார்கள். ஆகவே நான்சி என்பது ஆக்னஸ்தான். அந்த ஆக்னஸ் 1931இல், நான்கு வயதில், தொண்டை அடைப்பான் நோயால் இறந்துவிட்டாள். கல்லறையின் படம் இணைக்கப்பட்டிருந்தது. பாசி படர்ந்த சின்னக் கல். "ஆக்னஸ், பட்ரிக் ரீட்டின் அன்பு மகள்."

"நாலு வயதில் செத்த பிள்ளை பதினாறு வயதில் ரயிலோடு ஓட முடியாது," என்றார் ஹைட்ருன். "கடைசி வருடங்களில் அம்மாவுக்கு மறதி நோய் இருந்தது. எல்லாமே அந்த மூளைக் கோளாறு என்கிறான் என் தம்பி. ஆனால் இந்தக் கதையை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கு ஆறு வயது! அப்போதும் மூளைக் கோளாறா?"

தேனுஜா படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு ஹைட்ருனைப் பார்த்தாள்.

"உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை."

"தேடிப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்?"

"இவர் ஒரு பெயரைத் தேடிப் பிடித்திருக்கிறார். ஆளைத் தேடவில்லை. ஆளை நான் தேடுகிறேன்."

ஹைட்ருன் போனதும், பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஹோல்கர் வந்தார். அலுவலகம் அவருடையது. நிதானமான மனிதர். நிதானம் கொஞ்சம் கூடிப்போனவர் என்பது தேனுஜாவின் எண்ணம்.

"வாக்குக் கொடுத்துவிட்டாய்," என்றார்.

"ஓம், கொடுத்துவிட்டேன்," என்று பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலும் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவருக்கு அந்த 'ஓம்' பழகியிருந்தது.

"கல்லிலே வெட்டியிருக்கிறது, தேனுஜா."

"கல் பொய் சொல்லவில்லை. அது வேறு ஒரு பிள்ளையின் கல்லாக இருக்கலாம் அல்லவா?"

வேலை அன்றைக்கே தொடங்கியது. அந்த ஊர்ப் பதிவுகளின் அட்டவணையைக் கணினியில் பிரித்தாள். ரீட் என்ற குடும்பப்பெயர் அந்தக் கரையில் மீனைப் போல மலிந்துகிடந்தது. போதாக்குறைக்கு, ஊர் முழுவதும் ஏழெட்டுப் பெயர்களையே திருப்பித் திருப்பி வைத்திருந்தார்கள். அவற்றையும் ஒழுங்காக எழுதவில்லை. பிறப்பில் ஜீன் என்று இருப்பவள் கல்யாணத்தில் ஜேன், சாவில் ஜனெட். பதிவு செய்யப் போனவர் வாயில் வந்த பெயரை எழுதுபவர் எழுதிவிட்டார். யாருக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை. ஊருக்கு ஆளைத் தெரியும். பிறகு எழுத்தில் எது இருந்தால் என்ன?

1932இல் இன்னொரு ஆக்னஸ் ரீட் பிறந்திருந்தாள். அதே ஊர். ஆனால் தகப்பன் பீட்டர் ரீட், தாய் எல்ஸ்பெத் கவுல். முதல் ஆராய்ச்சியாளர் இந்தப் பதிவைக் கட்டாயம் பார்த்திருப்பார். பட்ரிக்-எலிசபெத் ஒரு சோடி, பீட்டர்-எல்ஸ்பெத் வேறு சோடி என்று ஒதுக்கியிருப்பார்.

தேனுஜா அப்படி ஒதுக்கவில்லை. அந்த நாட்டில் பட்ரிக்கும் பீட்டரும் ஒன்றுக்குப் பதில் மற்றது எழுதப்படுகிற பெயர்கள். எலிசபெத்தும் எல்ஸ்பெத்தும் அப்படியே. ஆனால் ஒரே சோடியாக இருக்கலாம் என்று சொல்லத்தான் இது போதும். ஒரே சோடிதான் என்று நிறுவப் போதாது. அண்ணனும் தம்பியும் அக்காவையும் தங்கச்சியையும் கட்டி, ஒரே குடும்பப்பெயர்களோடு இரண்டு சோடிகள் இருப்பதும் அந்த ஊரில் அதிசயமில்லை. இரண்டு பிறப்புப் பதிவுகளின் முழுப் பிரதிகளையும் அனுப்பும்படி எடின்பரோவுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தாள்.

அந்த ஞாயிறு பெற்றோர் வீட்டுக்குப் போனபோது இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் பாலாம்பிகை கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? செத்த பிள்ளையின்ரை பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிறதே? ஆரும் வைப்பினமே?"

"அவையள் வைப்பினம் அம்மா. பாட்டியின்ரை பேர் எண்டால் அது விட்டுப்போகக் கூடாது. முதல் பிள்ளை போனால், அடுத்த பிள்ளைக்கு அதே பேர்."

"பேரை வைச்சால் போன பிள்ளை திரும்பி வந்திடுமோ? வளருற பிள்ளை பாவமெல்லே. ஒவ்வொருக்கா கூப்பிடேக்கையும் தாய்க்கு மற்றப் பிள்ளைதானே நினைவு வரும்."

தேனுஜா இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அவளுக்கு அது ஒரு வழக்கம், தடயம் பிடிக்க உதவுகிற ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்த தகப்பன் சிரித்தார். "பேரை வைச்சு ஆளைப் பிடிக்கிறதெண்டால் என்னை ஒருத்தரும் பிடிக்க ஏலாது. பாஸ்போட்டிலை நித்தியானந்தன். கடைத்தெருவிலை ராசன் அண்ணை. போன கிழமை ஒரு தம்பி வந்து என்னட்டையே கேக்கிறான், நித்தியானந்தன் எண்டு ஒராள் இஞ்சை இருக்கிறாரோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அப்பா?"

"தெரியாது தம்பி எண்டனான். பிறகுதான் யோசிச்சன், அது நான்தானே!"

பிரதிகள் வந்து சேர்ந்த காலை, தேனுஜா மேலங்கியைக் கழற்றாமலே உறையைக் கிழித்தாள். ஸ்கொட்லாந்துப் பிறப்புப் பதிவுகளில் ஓர் அருமையான பழக்கம் உண்டு. பிள்ளையின் தாய் தகப்பன் எந்தத் திகதியில், எந்த ஊரில் கல்யாணம் செய்தார்கள் என்பதையும் அங்கே எழுதிவைப்பார்கள். 1927இல் பட்ரிக்கும் எலிசபெத்தும். 1932இல் பீட்டரும் எல்ஸ்பெத்தும். இரண்டுக்கும் ஒரே கல்யாணத் திகதி, ஒரே ஊர்.

அவள் இரண்டையும் ஹோல்கரின் மேசையில் அருகருகே வைத்தாள்.

ஹோல்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "ஒரே நாளில் ஒரே ஊரில் இரண்டு ரீட்கள் இரண்டு கவுல்களைக் கட்டியிருந்தால்?"

"கல்யாணப் பதிவையும் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அந்த ஊரில் ஒரு ரீட் கல்யாணம்தான் நடந்தது."

"அப்படியென்றால் இரண்டு ஆக்னஸ்."

"இரண்டு ஆக்னஸ். ஒருத்தி கல்லுக்குக் கீழே. மற்றவள் 1948இல் ரயிலோடு ஓடியிருக்கிறாள்."

"அதற்குப் பிறகு எங்கே ஓடினாள்?"

அதுதான் சங்கடம். இரண்டாவது ஆக்னஸ் கல்யாணம் செய்ததாகவும் பதிவில்லை, இறந்ததாகவும் பதிவில்லை. நான்சி என்று தேடினாலும் கிடைக்கவில்லை. பிறந்து, ரயிலோடு ஓடி, பிறகு காற்றில் கரைந்துவிட்டாள். இந்தத் தேடலுக்கான கோப்பை மூடிவிடலாம் என்றார் ஹோல்கர். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, தாய் பொய் சொல்லவில்லை.

"எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தாருங்கள்," என்றாள் தேனுஜா. "அவள் உயிரோடு இருக்கிறாள்."

இந்தத் தடவை அவள் மகளின் பெயரை விட்டுவிட்டாள். கவுல் என்ற தாயின் குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்த மாவட்டத்தில் நடந்த ரீட் பெண்களின் கல்யாணங்களை ஒவ்வொன்றாகச் சலித்தாள். 1954இல் ஒன்று கிடைத்தது. தகப்பன் பீட்டர் ரீட், மீனவர். தாய் எல்ஸ்பெத் கவுல். மணமகன் மியூர் என்கிற ஒரு தச்சன். மணமகளின் பெயர், செங்கா.

செங்கா. இப்படி ஒரு பெயரை அவள் கேள்விப்பட்டதேயில்லை. ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தாள். எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சடாரென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாள். ஆக்னஸ் (Agnes) என்பதன் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் கடைசியிலிருந்து முதலுக்கு வாசித்தால், செங்கா.

அன்று பின்னேரமே ஹைட்ருனை அலுவலகத்துக்கு வரவழைத்துச் சொன்னாள். ஹைட்ருன் அழவில்லை, நெடுநேரம் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"ஒன்று சொல்லவேண்டும்," என்றாள் தேனுஜா. "பெயரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். குடும்பத்திலிருந்து ஒளிப்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். தகப்பனிடமிருந்து, நடந்த எல்லாவற்றிலிருந்தும். உங்களோடு பேச விருப்பமில்லாமலும் இருக்கலாம். மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்."

தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயரோடு ஒரே ஒருவர்தான் இருந்தார். ஹைட்ருனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேனுஜா எண்களை அழுத்தினாள். ஒரு முதிய பெண்குரல் எடுத்தது. கரடுமுரடான, அவசரமான ஆங்கிலம்.

"திருமதி மியூர், நான் ஹம்பேர்க்கிலிருந்து பேசுகிறேன். உங்களுக்கு ஜனெட் என்று ஒரு அக்கா இருந்தாரா?"

"இல்லையே. எனக்கு ஜனெட் என்று யாரும் இல்லை. நீங்கள் பிழையான ஆளோடு பேசுகிறீர்கள்."

ஹைட்ருன் தேனுஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேருடைய பெயர்களைப் பிரித்து மேய்ந்தவள், தானே போய்ப் பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்!

"மன்னிக்கவேண்டும். ஜெஸ்ஸி. ஜெஸ்ஸி என்று ஒரு அக்கா?"

மறுமுனையில் எதுவோ கீழே விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

"ஜெஸ்ஸி எங்கே?" என்றது குரல்.

ஜூன் மாதத்தில் செங்கா மியூர் ஹம்பேர்க்குக்கு வந்தார். எழுபத்துநான்கு வயது. சிறிய உருவம், குட்டையாக வெட்டிய வெள்ளைத் தலை. விமான நிலையத்தில் ஹைட்ருனைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "இந்த உயரம் உனக்கு எங்கள் ஆட்களிடமிருந்து வந்ததில்லை," என்றார்.

தேனுஜா மொழிபெயர்க்கக் கூடப் போயிருந்தாள். போருக்குப் பிந்திய ஹம்பேர்க்கில் ஆங்கிலம் எதிரியின் மொழி என்பதால், தாய் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததும் ஹைட்ருனுக்குத் துருப்பிடித்துப்போயிருந்தது. செங்காவின் ஆங்கிலத்தையோ தேனுஜாவே சிலவேளை இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருந்தது.

அல்டோனா வீட்டில் கோப்பியும் ஆப்பிள் கேக்கும் வைத்திருந்தார்கள். செங்கா கேக்கைத் தொடவில்லை.

"அவளிடம் கேள்," என்றார் தேனுஜாவிடம். "ஏன் அவளுடைய அம்மா ஒரு வரி எழுதவில்லை என்று கேள். நான் எழுதினேன். வருடக்கணக்காக எழுதினேன். ஒரு பதில் இல்லை. ஜெர்மன்காரனைக் கண்டதும் தங்கச்சியைத் தூக்கி எறிந்துவிட்டாள்."

தேனுஜா ஒரு நொடி யோசித்தாள். இதை மெதுவாக்கிச் சொல்லலாம். வார்த்தைகளைத் தேய்த்து மழுக்கிவிட்டால் பின்னேரம் நல்லபடியாகப் போய்விடும். ஆனால் ஐம்பத்தெட்டு வருடம் காத்திருந்த கேள்வியை இடையில் நின்று மாற்ற அவளுக்கு என்ன உரிமை? சொன்னபடியே சொன்னாள். 'தூக்கி எறிந்துவிட்டாள்' என்பதையும் சேர்த்து.

ஹைட்ருனின் கழுத்துச் சிவந்தது. "அம்மா எழுதினார்! கிறிஸ்துமஸுக்கு அம்மா எழுதுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். பதில் எழுதாதது நீங்கள்தான். அம்மா ஒரு வார்த்தைகூட உங்களைப் பற்றிக் குறையாகச் சொன்னதில்லை. நீங்கள் வந்ததும் வராததுமாக அவரைக் குற்றம் சொல்கிறீர்கள்!"

அதையும் தேனுஜா அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். செங்கா மேசையில் கையை ஓங்கி வைத்தார். கரண்டி எகிறி விழுந்தது.

"நீதானே கண்டுபிடிக்கிற ஆள்," என்று தேனுஜாவை நோக்கித் திரும்பினார். "நீ சொல். யார் பொய்? அவளா, நானா?"

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"தெரியாது," என்றாள் தேனுஜா. "உங்கள் தகப்பன் தடுத்திருக்கலாம். இங்கே நகரமே இடிந்துகிடந்தது, ஆட்கள் தகரக் குடிசைகளில் மாறி மாறி இருந்தார்கள், முகவரி தவறியிருக்கலாம். இரண்டு பேரும் எழுதியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததை நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஒன்று அப்படிச் சொல்லிவிட்டேன், நீங்கள் ஒளிப்பதற்காகப் பெயரைத் திருப்பினீர்கள் என்று இவரிடம் சொன்னேன். அது சரியோ தெரியவில்லை."

செங்கா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, எதிர்பாராமல், வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒளிப்பதற்கா? நானா? பெண்ணே, அந்தப் பெயரை வைத்ததே ஜெஸ்ஸிதான்."

அவர் சொல்லச் சொல்ல தேனுஜா வசனம் வசனமாக ஜெர்மனுக்குக் கொண்டுவந்தாள்.

"தேவாலயத்துக்குப் போகிற வழியில் அந்தக் கல் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா அங்கே நின்று அழுவாள். நான் பக்கத்தில் நிற்பேன். நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்ததே அந்தக் கல்லைத்தான். அதில் என் பெயர் இருந்தது. செத்துப்போனது நான் என்று நினைத்தேன். ஏழு வயதில் ஒரு நாள், இனி அந்த வழியால் வரமாட்டேன் என்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா அடித்தார். நான் எழும்பவில்லை. ஜெஸ்ஸிதான் என்னைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். ஒரு குச்சியால் மணலில் என் பெயரை எழுதினாள். இப்போது பின்னாலிருந்து வாசி என்றாள். வாசித்தேன். அங்கே படுத்திருப்பவள் ஆக்னஸ், நீ இதுதான் என்றாள். யாருக்கும் சொல்லக்கூடாது, இது நம் இரண்டு பேருக்கும் மட்டும் என்றாள். மற்ற எல்லாருக்கும் நான் நான்சி. அவள் மட்டும் என்னை செங்கா என்பாள்."

செங்கா நிறுத்தி, கைக்குட்டையை எடுத்தார். ஆனால் துடைக்கவில்லை.

"அவள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஊரில் யாரும் இல்லை. ஒரு பெயரை யாரும் சொல்லாவிட்டால் அது செத்துப்போகும். நான் விடவில்லை. வேலையில் அதைச் சொன்னேன். கல்யாணத்தில் அதை எழுதச் சொன்னேன். எழுதமாட்டேன் என்றான் எழுதுபவன். எழுதும்வரை நான் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை."

தேனுஜா கடைசி வசனத்தையும் சொல்லி முடித்தாள். தன் தாயின் கேள்வி நினைவுக்கு வந்தது. வளருகிற பிள்ளை பாவம் என்று பாலாம்பிகை கத்தரிக்காயை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் கண்டது, தனக்கு இத்தனை பதிவுகளைப் புரட்டியும் படவில்லை. படாவிட்டால் என்ன, ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஹைட்ருன் எழுந்து போய் செங்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, முப்பது வருடமாகப் பேசாத ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்.

"அம்மா... சின்ன வயதில்... எப்படி இருந்தார்?"

"பிடிவாதக்காரி," என்றார் செங்கா. "உன்னைப் போல."

ஹைட்ருனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. தேனுஜாவைத் திரும்பிப் பார்க்காமல், செங்காவிடமே இன்னொரு தரம் கேட்டார். செங்கா இரண்டு கைகளையும் முட்டி பிடித்து, தாடையை நீட்டி, ஒரு கழுதையைப் போல நின்று காட்டினார். ஹைட்ருன் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அழுகையாகவும் திரும்பச் சிரிப்பாகவும் மாறியது. செங்கா கேக்கை இழுத்து ஒரு துண்டை வெட்டினார்.

அடுத்த கேள்விக்கும் தேனுஜாவை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் எழும்பி, வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ரயிலுக்கு நடந்தாள். வெளியே நல்ல வெயில். ஹோல்கரை அழைத்து, கோப்பை இனி மூடலாம் என்றாள்.